பிழையான காபரேட்டர்

எங்கள் வீட்டில் புதுமை என்றால் அப்பாதான். கைத்தொலைபேசியை வருடா வருடம் மாற்றுவார். வாசல் பூட்டைத் தொலைபேசியால் திறக்கும்படி செய்துவைத்து, ஒருநாள் அது திறக்க மறுத்ததால் நாங்கள் குடும்பத்தோடு மழையில் நின்றிருக்கிறோம். அப்படிப்பட்டவர் ஒரு பழைய காரின் என்ஜின் விஷயத்தில் மட்டும் திடீரென்று பழமைவாதி ஆனார். அப்போது எனக்கு ஒன்பது வயது. "மனுசனுக்கு மண்டை கழண்டு போச்சு" என்பது அம்மாவின் விளக்கம். நானும் அம்மாவின் கட்சிதான்.

மெல்பேர்ணின் மேற்கே டார்னெய்ட்டில் இருந்தது எங்கள் வீடு. இரண்டு கார் விடக்கூடிய கராஜின் ஒரு பாதியை எழுபதுகளில் செய்த ஒரு வி-எயிட் கார் பிடித்துக்கொண்டிருந்தது. நீண்ட மூக்கு, தடித்த ரயர், எட்டு சிலிண்டர் என்ஜின். பக்கத்து ஊரான வெரிபீயில் ஒரு கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது விற்றது. அது எங்கள் வீட்டுக்கு ஓடி வரவில்லை, இழுவை வண்டியில் ஏறி வந்தது. அதை ஓடவைக்க அப்பா போட்ட முதல் திட்டம் முழுக்க முழுக்க நவீனம். காபரேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, பெற்றோல் எவ்வளவு போகவேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிக்கும் இன்ஜெக்‌ஷன் வைப்பது. பிளக்குகளுக்கு மின்பொறி கொடுக்கவும் இலத்திரனியல் பெட்டி ஒன்று வைப்பது. எல்லாவற்றையும் மடிக்கணினியில் வண்ணப் படமாக வரைந்து வைத்திருந்தார். இரண்டு வருடமாகக் கார் அந்தத் திரையில் மட்டும் ஓடியது.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, வெளியே விட்டபோது எங்கள் விலாசத்தைக் கொடுத்தவர். விசா முடிவாகும்வரை நாட்டில் இருக்கலாம், ஆனால் வேலை செய்யக்கூடாது என்பது அவருக்கு விதித்த நிபந்தனை. கிளிநொச்சியில் சொந்தமாக வாகனம் திருத்தும் கராஜ் நடத்திய மனிதர் அவர். சும்மா இருக்கத் தெரியாது. விடியமுன் எழுந்து குப்பைத் தொட்டியை வீதியில் கொண்டுபோய் வைப்பார். புல் வெட்டுவார், வெட்டிய புல்லையே இரண்டு நாள் கழித்து மறுபடி வெட்டுவார். அம்மா இரண்டாம் முறை சோறு போட வந்தால், "காணும் அக்கா" என்று தட்டைக் கையால் மூடிவிடுவார். அம்மாவின் சமையல் மாமாவுக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்து, வீட்டில் எனக்கொரு துணை கிடைத்ததில் நான் மகிழ்ந்தேன்.

ஒரு சனிக்கிழமை அப்பா கராஜ் கதவைத் திறந்து, "மச்சான், இதை ஒருக்காப் பாரும்" என்றார். மாமா பார்த்தார். பார்த்தபடியே சட்டைக் கையை மடித்தார். அதன்பிறகு அவரைச் சாப்பாட்டுக்கு மூன்று முறை கூப்பிடவேண்டியிருந்தது. என்ஜினைத் தூக்கி வெளியே எடுத்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, சின்னச் சின்ன போல்ட்டுகளைத் தயிர் டப்பாக்களில் போட்டு வைத்தார். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று மூடியில் எழுதுவது என் வேலை. மாமா தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன், அப்பா வந்து பார்த்துவிட்டு இரண்டும் பிழை என்பார்.

மாமா அப்பாவின் வண்ணப் படத்தைப் பார்த்து, திட்டம் நல்லதென்று ஒப்புக்கொண்டார். ஊரில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர், லொறியின் உறுப்பை வானுக்குப் பூட்டியவர். எது ஓடவைக்குமோ அதுதான் சரியான சாமான் என்பது அவருடைய கொள்கை.

"புதுச் சாமானாப் போட்டால் ரெண்டு மூண்டு கிழமையில முடிச்சிடலாம் அத்தான். அது முடிஞ்ச பிறகு நான் சிட்னிக்குப் போகலாமெண்டு இருக்கிறன். பரமட்டாப் பக்கம் எங்கட பெடியள் ஒரு வீட்டில இருக்கிறாங்கள். நெடுக இஞ்ச இருந்து சாப்பிட ஏலாதுதானே."

அப்பா மடிக்கணினியை மூடினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்லை மச்சான், நான் யோசிச்சனான். இப்பிடியான காருக்கு ஒரிஜினல்தான் போடவேணும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிட்னி எனக்கு வெறும் விடுமுறை ஊர். மாமா போனால் பாலத்தைப் பார்த்துவிட்டு ஏதாவது வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். பரமட்டாவில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கும், வேலை செய்யக்கூடாத இளைஞர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் கவலையெல்லாம் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாதான். அந்தக் காரில் வந்து இறங்குவேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து அப்பா படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஈயம் கலக்காத இன்றைய பெற்றோலுக்குப் பழைய வால்வு இருக்கைகள் தாங்காது என்று மாமா வாதாடியபோது மட்டும், "உள்ளுக்க இருக்கிறது புதுசா இருக்கட்டும், ஆர் பாக்கப்போறது" என்று இறங்கி வந்தார். மற்றதெல்லாம் ஒரிஜினல். எண்ணெய் கசியாத புதிய சீல் கடையில் இருக்க, கசியக்கூடிய பழைய கயிற்றுச் சீல் வேண்டும். வயர் பிடிக்கும் கிளிப்கூட அந்தக் காலத்தது வேண்டும். ஒன்று கிடைக்க ஒரு மாதம் ஆகும். கிடைத்ததை மாமா ஒரு பிற்பகலில் பூட்டிவிடுவார். உடனே அப்பா அடுத்த குறையைக் கண்டுபிடிப்பார். கடைசியில் எல்லாம் முடிந்து என்ஜினைக் காருக்குள் இறக்கியும் ஆயிற்று. மீதமிருந்தது காபரேட்டர் ஒன்றுதான். பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் அந்தச் சாமான் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருவதாக அப்பா சொன்னார். அது வருகிறது, வருகிறது என்று வந்துகொண்டே இருந்தது.

"கப்பல்காரன் வழி மாறிப் போட்டானோ?" என்று அம்மா குசினியில் சமைத்தபடியே கேட்பார்.

மாமாவின் முகம் மறுபடி சுருங்கத் தொடங்கியது. புல் வெட்டும் யந்திரம் மறுபடி வெளியே வந்தது. சிட்னி பஸ்ஸுக்கு எங்கே பதிவு செய்வது என்று அவர் என்னிடம் கேட்டார். நானும் உற்சாகமாகத் தேடிக் கொடுத்தேன்.

அப்பா ரயிலில் வேலைக்குப் போவார். அன்றாடம் பாவிக்கும் கார் வீட்டில் நிற்கும். ஒருநாள் பள்ளி விட்டு வந்ததும் அம்மா அதன் டிக்கியிலிருந்து அரிசிப் பையை எடுத்துவரச் சொன்னார். பைக்குப் பின்னால் பழைய போர்வை ஒன்று சுருட்டியபடி கிடந்தது. போர்வைக்குள் ஒரு பெட்டி. அப்பாவின் பெயர், அமெரிக்க முத்திரை, சுங்கக்காரர் ஒட்டிய சீட்டில் 'காபரேட்டர்' என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. மறதிக்கார அப்பா வந்த பெட்டியை எடுக்க மறந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அரிசியை அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கராஜுக்கு ஓடினேன்.

"மாமா! வந்திட்டுது!"

மாமா கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கினார். "எங்க இருந்தது?" என்று கேட்டார். சொன்னேன். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்தேன். சீட்டில் இருந்த தேதிப்படி அது வந்து இரண்டு மாதத்துக்கு மேல். மாமா காபரேட்டரை வெளியே எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். பக்கத்திலேயே என்ஜின் திறந்தபடி நின்றது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பூட்டாமல் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"இது பிழையான சாமான் பிள்ளை" என்றார் கடைசியில். "சைஸ் வேற."

"ஒருக்கா வைச்சுப் பாப்பமே?"

"பாத்தாலே தெரியுது. அப்பாட்டச் சொல்லாதை, என்ன? ஆசையா வாங்கினவர். பாவம், மனம் நொந்துபோவார்."

அவர் குரல் ஒருமாதிரி இருந்தது. அப்பாவின் நட்டத்துக்காக மாமா இவ்வளவு வருந்துகிறாரே என்று எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடியது. பெட்டியை முன்போலவே போர்வையில் சுற்றி அவரே டிக்கியில் வைத்தார்.

அன்று சாப்பாட்டு மேசையில் மாமா, "அத்தான், நீங்கள் சொன்னதுதான் சரி. இதுக்கு ஒரிஜினல்தான் போடவேணும். ஆறுதலா வரட்டும்" என்றார். அம்மா சோற்றோடு வந்தபோது அவருடைய கை தட்டை மூடவில்லை. என் கட்சியில் இருந்த மாமாவும் கைவிட்டதில் எனக்கு அழுகையே வந்தது. ஆண்டு விழாவுக்கு வழக்கமான காரில்தான் போய் இறங்கினேன்.

மாமா புல்லை விட்டுவிட்டார். என்ஜினுக்கு நிறம் பூசி, பூசியதைத் தேய்த்து, மறுபடி பூசினார். தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடத்தில் எனக்கு உதவி செய்தார். பஸ் கதையை அவர் பிறகு எடுக்கவில்லை.

அடுத்த வருடம், ஒரு வியாழக்கிழமை, வழக்கறிஞர் தொலைபேசியில் அழைத்தார். மாமாவுக்கு வேலை செய்யும் அனுமதி கிடைத்துவிட்டது. அம்மா குசினிக்குள் போய் அழுதார். மாமா, "ஓம் சேர், ஓம் சேர்" என்று, பேசி முடித்து வைத்துவிட்ட தொலைபேசியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் வெரிபீயில் ஒரு கராஜில் கேட்டபோது, திங்கட்கிழமையே வரச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை அப்பா அந்தப் பெட்டியோடு கராஜுக்குள் வந்தார். "மச்சான், கடைசியா வந்திட்டுது!"

"அட, வந்திட்டுதே!" என்றார் மாமா. நல்ல நடிகரல்ல அவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, இது டிக்கியில இருந்த பிழையான சாமான் எல்லோ? நான் கொண்டந்து காட்ட, நீங்கள்தானே சைஸ் வேற எண்டு திருப்பி வைச்சனீங்கள்? எவ்வளவு காலத்துக்கு முந்தி!"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா குனிந்து, காபரேட்டரை எடுத்து, என்ஜினின் மேல் வைத்தார். நாலு போல்ட்டிலும் அது அப்படியே போய் உட்கார்ந்தது.

"நான்தான் பிழையாப் பாத்திட்டன் பிள்ளை" என்றார்.

அப்பா ஸ்பனரைத் தேடத் தொடங்கினார். மேசையில் தேடினார், தயிர் டப்பாக்களுக்குள் தேடினார். ஸ்பனர் அவருடைய கையில்தான் இருந்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மாமா என் தோளைத் தொட்டு வேண்டாமென்றார்.

தன் ஆசைக் காரை அப்பா ஏன் ஓடவிடாமல் வைத்திருந்தார் என்பதை மாமா தெரிந்துவைத்திருந்தார். தெரிந்தும் கோபித்துக்கொண்டு போகாமல், அந்த அன்பை வாங்கிக்கொண்டு எங்களோடு தங்கினார். அவருக்குத் தெரியும் என்பது அந்த நிமிடத்தில்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. இதெல்லாம் எனக்கு விளங்கப் பல வருடம் சென்றது. அதுவரை, சைஸ் பார்க்கத் தெரியாத மாமா என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இருவரும் என்னோடு சேர்ந்து சிரிப்பார்கள்.

மத்தியானம் கழிந்து என்ஜின் இருமி, புகை கக்கி, பிறகு கராஜ் கதவு அதிர முழங்கியது. நான் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் ஏறவில்லை. என்ஜின்மேல் திறந்திருந்த பொனற்றின் ஒரு பக்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். மாமாவின் தோளில் அப்பாவின் கை இருந்தது. சாமான் வந்தாயிற்று, பூட்டியாயிற்று, கார் ஓடுகிறது. இன்னும் எதற்காக நிற்கிறார்கள் என்று கோபம் வந்து, முன்னால் எட்டி ஹோர்னை ஓங்கி அடித்தேன்.