கொட்டகை வாசலில் கட்டிய வேப்பிலை

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து இரண்டாவது வருடம் என்று நினைக்கிறேன். காலையில் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரியும் மரவள்ளிக்கிழங்கு என்று வயிறு பழகிப்போயிருந்த காலம். மலாக்காவில் காஜா பெராங் பக்கம், கம்போங் செட்டிக்குப் பின்னால் எங்கள் வீடும் மாட்டுக் கொட்டகையும் இருந்தன. என் கணவர் பால்காரர். சண்டைக்கு முன்னால் டவுன் முழுக்க எங்கள் பால் போகும். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு, எப்படி என்று குடைந்து குடைந்து கேட்பேன். மாடு படுத்துக்கொண்டு எதை மெல்லுகிறது, ஏன் ஒரு பக்கமாகவே சாய்ந்து படுக்கிறது என்று கேட்டால், "ஒன்னயும் அது பக்கத்துல கட்டிப் போடுறேன், நீயே கேட்டுக்க" என்பார் என் கணவர். ஆனாலும் பதில் சொல்லாமல் விடமாட்டார்.

ஒரு நாள் காலையில் பட்டாளத்து ஆட்கள் வந்தார்கள். ஊர் ஊராகப் போய் இறைச்சிக்கு மாடு பிடிக்கிறார்களாம். லோரி வருகிறவரை அவற்றை வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமாம். எங்கள் கொட்டகைக்குப் பின்னால் இருந்த தென்னந்தோப்பு அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. கொட்டகை வாசல் வழியாகத்தான் அதற்குள் போக முடியும், எங்கள் இடத்தை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடும். மொழிபெயர்த்துச் சொல்ல வந்தவர் நம் தமிழர்தான். அவர் என் கணவரின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

"அண்ணே, மாடு எளைக்கக் கூடாதாம். நொண்டக் கூடாதாம். சீக்கு வந்துச்சின்னா ஒங்கள சயாமுக்கு அனுப்பிருவாங்களாம்."

சயாம் என்றால் காட்டுக்குள் ரயில்பாதை போடுகிற வேலை. எங்கள் எதிர்வீட்டுக்காரரை அப்படித்தான் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவர் மனைவி பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாட்டைக் கும்பிடுகிற வீடு எங்களுடையது. அறுப்புக்குப் போகிற மாட்டுக்கு அந்த வீட்டிலிருந்து புல் போட வேண்டும். முதல் நாள் என் கணவர் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் மாடுகள் பசியில் கத்தியதும் அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கக் கிளம்பிவிட்டார்.

வந்த மாடுகள் ஒவ்வொன்றும் ஒரு விதம். கொம்பில் பழைய சாயம் உரிந்த வண்டிமாடுகள் இருந்தன. மலாய்க்காரர் கம்போங்குகளிலிருந்து பிடித்து வந்த குட்டையான செவலை மாடுகள் இருந்தன. ஒரு காளையின் கழுத்தில் மணி கட்டியிருந்த வார் மட்டும் மிச்சம் இருந்தது. மணியை யாரோ அவிழ்த்து வைத்துக்கொண்டு மாட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் எப்படி அவிழ்த்திருப்பார் என்று நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கோமாரி பரவுகிறது என்று பேச்சு வந்தது. வாயும் நாக்கும் கொப்பளித்து, எச்சில் நூல் நூலாக ஒழுகும். குளம்புக்கு நடுவில் புண்ணாகி மாடு நொண்டும். பெரிய மாடு பெரும்பாலும் சாகாது. ஆனால் தின்ன முடியாமல் எலும்பும் தோலுமாகிவிடும். இன்னொரு இடத்தில் பட்டாளத்து மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் மாடுகள் முழுக்க நொண்டிவிட்டன, அந்த ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரு வண்டிக்காரர் வந்து சொன்னார். என் கணவர் உடனே தோப்புக்குள் போய் ஒவ்வொரு மாட்டின் வாயாகத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

நான் அந்த வண்டிக்காரரை விடவில்லை. முதலில் எந்தக் கொட்டகையில் வந்தது, அடுத்து எங்கே, அதற்கடுத்து எங்கே என்று கேட்டேன். "ஒங்களுக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்?" என்று அலுத்துக்கொண்டே அவர் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. என் கணவருக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் இருந்தார். மாட்டு வைத்தியத்தில் கைராசிக்காரர் என்று பெயர். மஞ்சள், மிளகு, தேங்காய் எல்லாம் அரைத்து, மூங்கில் குழாயில் நிரப்பி, மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றுவார். சீக்கு மாட்டுக்கு ஊற்றிவிட்டு, வருமுன் காப்பாக இருக்கட்டும் என்று அதே குழாயால் நல்ல மாடுகளுக்கும் ஊற்றுவார். பிறகு குழாயை வேட்டி முனையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த கொட்டகைக்கு நடப்பார். பால்காரர்கள் எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு அவரை அழைத்தார்கள். வண்டிக்காரர் சொன்ன வரிசையும் பெரியப்பா நடந்த வரிசையும் ஒன்றாகவே இருந்தன.

இதைச் சொன்னதும் என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவரு மருந்து குடுக்க வர்றாரு. சீக்கு குடுக்கவா வர்றாரு?"

"மருந்து நல்லதுதாங்க. அந்தக் கொழாய்தான் எல்லா மாட்டு வாயிக்குள்ளயும் போய்ட்டு வருது."

"அதுக்கு? வாசல்ல நின்னு, பெரியப்பா உள்ள வராதீங்கன்னு சொல்லச் சொல்றியா? அப்புறம் நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தன் வருவானா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். பெரியப்பாவைத் தடுத்தால் உறவு போகும். தடுக்காவிட்டால் மாடு போகும், மாட்டோடு இவரும் போய்விடுவார்.

பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறி மலாய் பேசிப் பழகிய செட்டிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி எனக்குச் சிநேகிதி. என் வயதுதான். மலாய்க்காரிகள்போல் சாரோங் கைலியும் கெபாயா சட்டையும் உடுத்தி, கொண்டையில் பூ வைத்திருப்பாள். வீட்டில் மாரியம்மனைக் கும்பிடுவாள், தமிழ் மட்டும் வராது. நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் மலாயில்தான். அன்று அவள் அவர்களுடைய கோயிலைக் கழுவிவிடப் போனாள், நானும் கூடப் போனேன். அம்மனை அவர்கள் டத்தோ சாச்சார் என்றும் சொல்வார்கள். டத்தோ என்றால் பெரியவர், சாச்சார் என்றால் அம்மை. முன்பு அவள் வீட்டில் அம்மை கண்டபோது என்ன செய்தார்கள் என்று வழக்கம்போல் கேட்டு வைத்தேன்.

வாசலில் வேப்பிலை கட்டினார்களாம். அதன்பிறகு வெளியாள் உள்ளே வருவதில்லை, உள்ளாள் வெளியே போவதில்லை. அந்த வீட்டிலிருந்து நெருப்புகூட யாரும் கேட்பதில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒரே ஓர் ஆள் உள்ளே போவார். போனவர் அம்மன் இறங்குகிறவரை அங்கேயே இருப்பார்.

இதெல்லாம் எங்கள் தோட்டத்திலும் உண்டு. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனால் அவள் வாயால், வேறொரு பாஷையில் கேட்டபோது புதிதாகக் கேட்பது போல் இருந்தது. "மாட்டுக்கும் இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டு, "போலே," என்றாள். செய்யலாம் என்று அர்த்தம். கோயில் வேப்பமரத்திலிருந்து அவளே கொத்துக் கொத்தாக ஒடித்துக் கொடுத்தாள்.

என் கணவர் வேப்பிலையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாட்டுக் கொட்டாய்க்கு யாராச்சும் வேப்பில கட்டுவாங்களா புள்ள? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீங்க சயாமுக்குப் போனா யாரு சிரிப்பா?"

ஏணியை எடுத்து வந்து அவரே கட்டினார். வாசலில் ஒரு பெரிய சட்டியை வைத்து, சுண்ணாம்பும் மஞ்சளும் கரைத்து ஊற்றினோம். உள்ளே வருகிறவர் காலை அதில் நனைக்க வேண்டும். அம்மன் பெயரைச் சொல்லிப் பொய்யாக வேப்பிலை கட்டுகிறோமே என்று எனக்கு மனசு உறுத்தியது. கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அரிசிக்கே வழியில்லாத காலத்தில், மரவள்ளிக் கூழாக இருந்தால் ஏற்றுக்கொள் தாயே என்று அதையும் சேர்த்துச் சொன்னேன்.

இரண்டொரு நாளில் பெரியப்பா குழாயோடு வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரைத்த மருந்தை இலையில் மடித்துத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். மனசு நோகாமல், உறவு முறியாமல் ஒருவரைத் தடுக்க அந்த ஒரு கொத்து இலையால் முடிந்தது. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் பட்டாளத்துக்காரனுக்கு வேப்பிலை தெரியுமா? மறுநாளே புது மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவன் நடுவயதுக்காரன், முகத்தில் சிரிப்பே கிடையாது. மாடுகளை உள்ளே விடச் சொல்லிக் கையைக் காட்டினான். என் கணவர் குனிந்து வணங்கிவிட்டு, வாசலை மறித்து நின்றார்.

"சொல்லுங்கண்ணே," என்றார் மொழிபெயர்ப்பவரிடம். "புது மாட்ட இதுங்களோட சேக்க வேணாம். சீக்கு இருந்தா எல்லாத்துக்கும் ஒட்டிக்கும். வாய்க்காலுக்கு அந்தாண்ட தனியா கட்டி வச்சிப் பாக்குறேன். சரியா இருந்தா அப்புறம் சேத்துக்கலாம்."

அவர் பயந்து பயந்து மொழிபெயர்த்தார். அந்தச் சிப்பாய் வேப்பிலையைப் பார்த்தான். சட்டியைப் பார்த்தான். ஓங்கி ஓர் உதை விடப் போகிறான், சட்டி உடையப் போகிறது, அடுத்தது இவர் கன்னம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் எதுவும் வரவில்லை. திறந்து பார்த்தால், அவன் புது மாடு ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மூக்கைப் பிடித்து, வாயின் ஓரமாக விரல்விட்டு, நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தான். என் கணவர் எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தான். பிறகு குளம்பைத் தூக்கி முகர்ந்தான். அவனே மாடுகளை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்து, எங்கள் வாசலில் நின்று, முதலில் வலது பூட்ஸையும் பிறகு இடது பூட்ஸையும் அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்தான். தன் மார்பைத் தொட்டுக் காட்டி, கையை இடுப்புயரத்துக்குத் தாழ்த்தி, "உஷி" என்றான். உஷி என்றால் மாடு என்றார் மொழிபெயர்ப்பவர். சின்ன வயதிலிருந்தே மாட்டோடு வளர்ந்தவனாம். அவன் வீட்டுக் கொட்டகை எப்படி இருக்கும், அவர்கள் வாசலில் எந்த இலையைக் கட்டுவார்கள் என்று கேட்க என் நாக்கு துடித்தது. துப்பாக்கி வைத்திருந்தவனிடம் எப்படிக் கேட்பது?

அன்றிலிருந்து என் கணவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டு புது மாடுகளோடு இருந்தார். உள்ளே இருந்த மாடுகளை நான் பார்த்துக்கொண்டேன். போனவர் திரும்பி வரக்கூடாது என்பது நாங்களே வைத்துக்கொண்ட சட்டம். வேகவைத்த கிழங்கை இலையில் கட்டி வாய்க்கால் பலகையில் வைத்துவிட்டு நான் விலகி நிற்பேன், அவர் வந்து எடுத்துக்கொள்வார். புதிதாகக் கல்யாணமானவர்கள் இப்படி ஆளுக்கொரு கரையில் நின்று மாட்டைப் பற்றியே கத்திப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து என் சிநேகிதி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"எச்சி ஒழுவுதாங்க?"

"செவலைக்கு ஒழுவுது! நீ கிட்ட வராத!"

ஆமாம், புது மாடுகளுக்குக் கோமாரி இருந்தது. முதலில் செவலை, பிறகு மற்றவை என்று வரிசையாகக் கண்டது. பெரியப்பா வைத்துவிட்டுப் போன மருந்தைத்தான் என் கணவர் அவற்றுக்குக் கொடுத்தார். குளம்பை உப்புத் தண்ணீரில் கழுவினார். அந்தச் சிப்பாய் அவ்வப்போது வந்து வாய்க்கால் ஓரம் நின்று பார்த்துவிட்டுப் போவான். மாடுகள் சீக்கோடுதான் வந்தன என்பதை அவன் தன் கண்ணாலேயே பார்த்திருந்ததால் எங்கள்மேல் குற்றம் சொல்லவில்லை. என் பக்கத்து மாடுகள் ஒன்றுக்கும் எதுவும் வரவில்லை. தினமும் ஒவ்வொரு வாயாகத் திறந்து பார்ப்பேன். புண்ணில்லாத, கொப்புளமில்லாத நாக்கைப் பார்த்தால் போதும், அன்றைக்கு எனக்குச் சோறே வேண்டாம்.

ஒரு வழியாக அந்தக் கரையிலும் புண்கள் ஆறின. அம்மன் இறங்கிய வீட்டில் செய்வதுபோல் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை இரண்டு கரை மாடுகளுக்கும் தலையோடு ஊற்றினோம். என் கணவர் பலகையைத் தாண்டி வீட்டுக்கு வந்தார். தாடியும் சாணி வாசமுமாக அவர் வந்து நின்றதைப் பார்த்தபோது, எங்கள் கல்யாண நாளில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலைவரைதான். லோரிகள் வந்துவிட்டன. பலகையைச் சாய்த்து வைத்துப் பட்டாளத்து மாடுகளை ஏற்றினார்கள். ஒரு மாடும் நொண்டவில்லை, ஒன்றையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாம் நாங்கள் காப்பாற்றிய கால்களாலேயே நன்றாக நடந்துபோய் ஏறின. முந்தின நாள் ஊற்றிய மஞ்சள் அவற்றின் முதுகில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மணி அவிழ்த்த அந்தக் காளை ஏறும்போது என் கணவர் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். சிப்பாயும் லோரிப் பக்கம் பார்க்காமல் எங்கள் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரியப்பாவிடம் பிறகு ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். அப்புறம் கொட்டகைக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். என் மூத்த மகளுக்குப் பெயர் வைத்தபோது முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவரும் அவர்தான்.

எதிர்வீட்டுக்காரர் திரும்பி வரவே இல்லை. என் கணவர் சயாமுக்குப் போகவில்லை. என்னோடு இருந்து, பிள்ளை குட்டிகளைப் பார்த்து, வயதாகி, சொந்தக் கட்டிலில் கண்ணை மூடினார். எங்காவது வாசலில் வேப்பிலையைக் கண்டால் இன்றைக்கும் என் கை தானாகக் குவிகிறது. அம்மனைக் கும்பிட்டு முடித்த பிறகும் கையை இறக்காமல், என் புருஷனை எனக்குத் தந்துவிட்டு முதுகில் மஞ்சளோடு லோரியில் ஏறிப்போன அந்த மாடுகளையும் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.