இரண்டாம் மாடிக் கம்பிவலை

எழுபதுகளின் நடுவில் கல்கத்தா சால்ட் லேக்கில் அரசுக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. நான் அங்கே ஓவர்சியர். சித்திரை மத்தியானம் ஒன்றில் இரண்டாம் மாடி பால்கனிக்குக் கான்கிரீட் போடும்போது வானம் கறுத்து, கால்பைசாகி என்கிற கோடைப் புயல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. சிமெண்ட் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போடக் கீழே ஓடினேன். திரும்பி வருவதற்குள் கான்கிரீட் போட்டு மட்டப்பலகையும் இழுத்து முடித்திருந்தார்கள்.

கம்பியை மிதித்தீர்களா என்று கேட்டேன். "ஷப் டிக் ஆச்சே, பாபு" என்றார் மேஸ்திரி, எல்லாம் சரியாக இருக்கிறதாம். என் கண்ணைப் பார்க்கவில்லை.

சுவரிலிருந்து அந்தரத்தில் நீளும் தளத்துக்குக் கம்பிவலை மேல்பக்கம் இருக்க வேண்டும். மிதிபட்டு அடியில் அமுங்கிவிட்டால், இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். உடைத்துப் பார்த்திருக்க வேண்டும். வேலை புதிது, பயம். சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கான்கிரீட்டில் தாராளமாக மறைக்கலாம்.

அன்றோடு நிம்மதி போனது. கட்டடம் முடிந்ததும், வேறு யாரும் அங்கே நிற்கக் கூடாதென்று அந்த வீட்டையே எனக்குக் கேட்டு வாங்கினேன். பால்கனிக் கதவைப் பூட்டினேன். திருட்டுப் பயம் என்று மனைவியிடம் சொன்னேன். எந்தத் திருடன் இவ்வளவு உயரம் ஏறுவான் என்று சிரித்தாள். மழை பெய்தால் ஜன்னல் வழியாக விரிசல் தேடுவேன். தெருவில் லாரி போனாலே மறுபடி ஜன்னலுக்கு ஓடுவேன்.

பூஜை முடிந்து துர்க்கையைக் கரைக்கக் கொண்டுபோகும் நாள். ஊர்வலம் பார்க்க மனைவி பால்கனிச் சாவி கேட்டாள். தர மாட்டேன் என்று கத்தினேன். அழுதாள். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று பார்த்தேன். "நாம நிக்கலேன்னா அது விழாதா?" என்று கேட்டாள்.

"அதோட கனமே போதும், விழறதுக்கு."

"அப்ப கீழ் வீட்டு பௌதிகிட்ட சொன்னீங்களா? அவங்க குழந்தை நாள் பூரா அதுக்கு நேர் கீழதானே தவழுது?"

இத்தனை மாதம் தூங்காமல் புரண்டவன், அந்தக் குழந்தையை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடிக் கதவைத் தட்டினேன். பௌதி என்று நாங்கள் கூப்பிடும் அந்த அண்ணி திறந்தாள். பிஜயா என்னும் விஜயதசமி வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே சந்தேஷ் இனிப்புத் தட்டை நீட்டினாள். அவள் தோளுக்குப் பின்னால், பால்கனியில், குழந்தை கிராதிக் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று ஊர்வலம் பார்த்துக்கொண்டிருந்தது.

தட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன்.