முன்வளவில் கதிரை போட்டு இருப்பவர்கள்

ஃபெயார்ஃபீல்டில் வீடு எடுத்திருக்கிறேன் என்று சொன்னதும் மச்சான் காரை ஓட்டிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். மச்சான் என்றால் என் மனைவியின் தமையன். பென்டில் ஹில்லில் சொந்த வீடு வைத்திருக்கிறார். நான் படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, விசா கிடைத்து வெளியே வந்தபோது என்னைக் கூட்டிவந்து தன் கராஜில் கட்டில் போட்டுத் தந்தவர். இன்றைக்கும் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

"அங்க முழுக்க ஸ்பானிஷ்காரரெல்லே?" என்றார்.

"ஓம்."

"நீர் இங்கிலீஷ் படம் பாக்கிறேல்லையோ?"

"இல்லை."

"பாத்திருந்தா இந்த வேலை செய்திருக்கமாட்டீர்."

பிறகு பென்டில் ஹில் வந்து சேரும்வரை அந்தப் படங்களில் வருவதையெல்லாம் சொன்னார். கழுத்துவரை பச்சை குத்தியிருப்பார்களாம். மூலைக்கு மூலை நின்று போதைத்தூள் விற்பார்களாம். விடியவிடியப் பாட்டுப் போடுவார்கள், கோபம் வந்தால் கத்தி எடுப்பார்கள். அந்தப் படங்கள் அமெரிக்காவில் எடுத்தவை என்பது அவருக்கும் தெரியும். "எங்க இருந்தாலும் ஆக்கள் ஒண்டுதானே," என்றார். ஃபெயார்ஃபீல்டில் அவர் இறங்கி நடந்ததே இல்லை. அந்த வழியால் போகும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவார்.

"பொம்பிளைப் பிள்ளையைக் கூப்பிடப்போறீர். அதை யோசிச்சுக்கொள்ளும்."

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டோ தெரியாது, நாலு பேர் முன்னால் எனக்குச் சொல் வராது. எல்லோரும் எழும்பிப் போன பிறகுதான் என்ன சொல்லியிருக்கலாம் என்பது நினைவுக்கு வரும்.

அப்போது மனைவியும் மகளும் தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். வந்து இறங்கும்போது எங்களுக்கென்று ஒரு வீடும் சமைக்க ஒரு குசினியும் இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. கராஜில் இருந்து அவர்களை வரவேற்க மனம் வரவில்லை. பென்டில் ஹில்லில் வீடு கேட்டுப் போன இடங்களில், முன்பு எங்கே வாடகைக்கு இருந்தாய் என்று கேட்டார்கள். படகையும் முகாமையும் வாடகை வீடு என்று சொல்ல முடியாது. ஸ்மித்ஃபீல்டில் சாமான் அடுக்கும் மரத் தட்டுகளுக்கு ஆணியடிக்கும் பட்டறையில் எனக்கு வேலை. அங்கே மேற்பார்வை பார்த்தவர்தான் ஃபெயார்ஃபீல்டில் ஒரு வயதான தம்பதி வளவின் பின்பக்கத்துச் சின்ன வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள் என்று சொன்னார். போய்ப் பார்த்தேன். கிழவர் ஒன்றும் கேட்கவில்லை. கதவுத் திறப்பைக் கையில் தந்துவிட்டார்.

ஸ்பானிஷ்காரர் என்றால் ஸ்பெயினில் இருந்து வந்தவர்கள் என்று நினைத்திருந்தேன். கிழவர் மேசையில் விரலால் கீறிக் காட்டினார். இது பிரேசில், இது ஆர்ஜென்டினா, நடுவில் இந்தத் துண்டுதான் அவருடைய உருகுவே. அடுத்த வீட்டில் சிலி நாட்டவர். எதிர்வீடு எல் சல்வடோர். எங்கள் இரண்டு பேரின் ஆங்கிலமும் ஒரே வகுப்பு என்பதால் நன்றாக விளங்கியது. ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். "ஆமி," என்றார். நானும் "ஆமி," என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது. பிறகு அவர் கால்பந்து பற்றிப் பேசினார்.

பயம் எங்கள் பக்கம் மட்டும் இருக்கவில்லை. முதல் கிழமைகளில் கிழவி காலையும் மாலையும் பின்வளவுக்கு உடுப்புக் காயப்போட வருவார். வந்தால் என் கதவடியில் கழற்றி வைத்த செருப்புகளைப் பார்த்து வாய்க்குள் ஏதோ எண்ணுவார். எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒருநாள் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "என்ரை மகன் சொன்னவன், படகில வந்த ஆக்கள் ஒராள் எண்டு சொல்லி வீடு எடுத்து, ஒரு அறைக்குள்ள பத்துப் பேர் படுப்பாங்களாம். நெருப்புக் கொளுத்திக் கும்பிடுவாங்களாம், வீடு எரிஞ்சு போகுமாம்." நான் கற்பூரம் கொளுத்துகிறவன்தான். அதை வெளியே, தண்ணீர்க் குழாயடியில் கொளுத்துவேன் என்று காட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை தன் மாதா படத்துக்கு முன்னாலும் ஒரு கட்டி வைக்கச் சொல்லிக் கேட்டார்.

அந்தத் தெருவில் பின்னேரம் ஆனால் முன்வளவில் கதிரை போட்டு இருப்பார்கள். கிழவரின் வளவில்தான் பெரிய கூட்டம். அடுத்த வீட்டுக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் வருவார்கள். நடுவில் ஒரு சுடுதண்ணிப் போத்தல். ஒரு சுரைக்குடுக்கைக்குள் பச்சை இலைத்தூளை நிரப்பி, சுடுதண்ணி விட்டு, உலோகக் குழல் ஒன்றைச் செருகியிருப்பார்கள். அதற்குப் பெயர் மத்தே. கிழவர் முதலில் தான் உறிஞ்சுவார். பிறகு திரும்பத் தண்ணி விட்டு அடுத்த ஆளுக்குக் கொடுப்பார். அந்த ஆள் குடித்து முடித்துக் குடுக்கையைக் கிழவரிடமே திருப்பிக் கொடுக்க, அவர் மூன்றாவது ஆளுக்கு ஊற்றுவார். ஒரே குழல். எல்லா வாயும் அதில்தான்.

என்னையும் ஒருநாள் கூப்பிட்டு இருத்தினார்கள். குடுக்கை என் கைக்கு வந்தது. எங்கள் வீட்டில் செம்பில் வாய் வைத்தால் அடி விழும். அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். மற்றவர் எச்சில் பட்ட குழலை எப்படி வாயில் வைப்பது? வேண்டாம் என்று சொல்லவும் வெட்கம். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரத்தில் குழலைப் பிடுங்கி மடியில் வைத்துவிட்டு, குடுக்கையை உயர்த்தி, வாயைத் திறந்து அண்ணாந்து ஊற்றினேன்.

தண்ணி வரவில்லை. இலைத்தூள் முழுவதும் ஒரே கட்டியாக வந்து முகத்தில் விழுந்தது. மூக்கு, மீசை, சட்டை எல்லாம் பச்சை. சூடு வேறு. எதிர்வீட்டுக்காரர் கதிரையோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். கிழவர் சிரிக்கவில்லை. குழலில் கை வைப்பது அவர்களிடம் பெரிய பிழையாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். என் மடியில் கிடந்த குழலை எடுத்துத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார், பச்சை மீசையைப் பார்த்தார், அதற்குப் பிறகு அவராலும் அடக்க முடியவில்லை. கிழவி என் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கித் தோய்க்கப் போட்டார். நான் வெறும் மேலோடு, ஒரு துவாயைப் போர்த்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் இருந்தேன். நானும் சிரித்தேன். கன காலத்துக்குப் பிறகு.

அதற்குப் பிறகு பழகிவிட்டேன். கசப்பான சாமான், ஆனால் வேலை முடிந்து வந்த உடம்புக்கு நல்லது. எச்சில் பற்றி யோசிக்காமல் இருக்கத் தெருவைப் பார்த்துக்கொண்டே உறிஞ்சுவேன்.

மனைவிக்கும் மகளுக்கும் விசா வரும் என்று தெரிந்தபோது, 2012இல், மச்சான் ஒரு ஞாயிறு பின்னேரம் முன்னறிவிப்பில்லாமல் வீடு பார்க்க வந்தார். நான் வட்டத்தில் இருந்தேன். குழல் என் வாயில். மச்சான் காரை நிறுத்தினார், பார்த்தார், இறங்காமலே போய்விட்டார். நான் எழும்பிக் கை காட்டினது அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ தெரியாது.

அடுத்த நாள் முகாமில் இருந்து மனைவியின் தொலைபேசி. குரல் சரியில்லை.

"அண்ணை சொல்லுறார், நீங்கள் ஏதோ பழகிட்டியளாம். றோட்டுக் கரையில கூட்டமா இருந்து குழாயில புகை இழுக்கிறியளாம்."

"புகை இல்லை. தண்ணி."

"தண்ணியோ?" அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

தண்ணி என்று சொன்னது இன்னும் கூடாமல் போயிற்று. இலை, சுடுதண்ணி, குடுக்கை என்று விளக்கப் பார்த்தேன். நான் வாய் திறந்து விளக்கினால் உள்ளதும் பொய் மாதிரித்தான் கேட்கும். கடைசியில் அவள் சொன்னாள்: "நான் வந்து என்ரை கண்ணால பாக்கிறன். அதுவரைக்கும் பிள்ளையோட அண்ணை வீட்டிலதான் இருப்பன். பாத்து எனக்குப் பிடிக்கேல்லையெண்டா, நீங்களும் அந்த வீட்டை விட்டுட்டு வரவேணும்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

அப்படியே விமான நிலையத்தில் இருந்து நேரே பென்டில் ஹில் போனார்கள். மகளுக்குப் பதினைந்து வயது. நான் பார்க்காத காலத்தில் என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தாள். வேலை முடிந்து ரயில் பிடித்து அவர்களைப் பார்க்கப் போவேன். இரவு நான் மட்டும் திரும்பி வருவேன். சின்ன வீட்டில் புதுப் பாய், புதுச் சட்டிகள், மகளுக்கு வாங்கிய மேசை எல்லாம் அப்படியே கிடந்தன.

மனைவி வீடு பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது. மச்சான் காரில் கூட்டி வந்தார். வழக்கம்போல முன்வளவில் எல்லோரும் இருந்தார்கள். நான் கிழவரிடம் இன்றைக்கு மட்டும் உள்ளே இருங்கள் என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை.

மனைவி இறங்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவிதான் எழும்பிப் போய்க் கார்க் கதவைத் திறந்து அவர்களை இறக்கினார். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். மகள் திகைத்து நின்றாள். பிறகு மனைவிக்கும் ஒன்று. அது அவர்களின் வழக்கம், வருகிறவருக்கும் போகிறவருக்கும் கன்னத்தில் ஒரு முத்தம், ஆண் பெண் பேதமில்லை. இது என் நினைவுக்கு வந்தபோது கிழவரும் எழும்பி, கையை விரித்துக்கொண்டு, என் மனைவியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"நோ!" என்று கத்தினேன்.

நான் கத்தி அந்தத் தெரு கேட்டதில்லை. எதிர்வீட்டு நாய்கூடக் குரைப்பை நிறுத்தியது. கிழவர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் குழாயடியில் கும்பிடுவதைப் பார்த்த ஞாபகத்தில், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சாமியைக் கும்பிடுவதுபோல் அவளைக் கும்பிட்டார்.

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் பொத்தாமலே சிரித்தாள்.

பிறகு மனைவி சுரைக்குடுக்கையை வாங்கி மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்தாள்.

"அண்ணை, இதுவோ நீங்கள் சொன்ன கஞ்சா? காய்ஞ்ச புல்லு மணக்குது."

"நான் தூரத்திலயிருந்துதானே பாத்தனான்," என்றார் மச்சான். "இது இல்லாட்டிலும் வேறை இருக்கும். ராவில பாட்டுப் போடுறேல்லையோ எண்டு கேள்."

"போடுறவைதான்," என்றேன். சனிக்கிழமைகளில் தலையணையைக் காதில் வைத்துத்தான் படுக்க வேண்டும். என் சைக்கிள் ஒன்றும் அந்தத் தெருவில் களவு போயிருந்தது. அதையும் சொன்னேன். மறைத்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

மனைவி வீட்டுக்குள் போய்ப் பெரிதாக ஒன்றும் பார்க்கவில்லை. திரும்பி வந்து தெருவைத்தான் பார்த்தாள்.

"இவை ஒவ்வொரு நாளும் இப்பிடி இருக்கிறவையோ?"

"இருட்டும் மட்டும்."

"பிள்ளை பள்ளிக்கூடத்தால எந்தப் பக்கத்தால வரும்?"

"ஸ்டேஷன் பக்கத்தால. இந்த றோட்டாலதான்."

அவள் கதிரைகளைப் பார்த்தாள். மூலைவரை வீட்டுக்கு வீடு ஆட்கள் இருந்தார்கள்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. உங்கட றோட்டில நான் வந்ததுக்கு ஒரு மனிச முகம் பாக்கேல்லை. கார் வருது, கராஜ் திறக்குது, மூடுது. பிள்ளை விழுந்து கிடந்தாலும் ஆருக்குத் தெரியும்? இஞ்ச இவ்வளவு பேர் பாத்துக்கொண்டிருக்கினம்."

"அவை பாக்கிறதுதானடி எனக்குப் பயம்."

"எனக்கு ஒருத்தரும் இல்லாத றோட்டுத்தான் பயம். வெறும் றோட்டு எண்டா என்னெண்டு நாங்கள் சண்டை நேரம் கண்டிட்டம்."

மச்சான் யுத்தத்துக்கு முன்னரே வந்துவிட்டவர். தங்கச்சியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "சனிக்கிழமை சாமானைக் கொண்டு வாறன்," என்றார்.

சொன்னபடி வந்தார். பெட்டிகள், அரிசி மூட்டை, தன் மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாடு. எல்லாவற்றையும் இறக்கிய பிறகு காரின் பின்பெட்டியில் இருந்து ஒரு பெரிய பூட்டையும் துளைபோடும் மெஷினையும் எடுத்தார். எங்கள் கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போடப்போகிறாராம். யாரைக் கேட்டும் செய்யவில்லை. முழங்காலில் நின்று துளை போட்டார். கதவு ஆடியது. கிழவர் சத்தம் கேட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

பாதி வேலையில் கிழவர் கேட்டார்: "இது கள்ளருக்கோ?"

மச்சான் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது. "ஓம்," என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"நல்லது, நல்லது," என்றார் கிழவர். பிறகு குனிந்து, வளவில் வேறு யாரும் இல்லாதபோதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: மேல் றோட்டில் இப்போது புதிதாகச் சில ஆட்கள் குடிவந்திருக்கிறார்களாம், கவனமாக இருக்க வேண்டுமாம், தன் மகன் சொன்னவனாம். அவர்கள் எந்த நாட்டுக்காரர் என்றும் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை.

மச்சான் நிமிர்ந்து கிழவரை முதல் தடவையாக முகத்துக்கு நேரே பார்த்தார்.

"ஓம், நானும் கேள்விப்பட்டனான்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு திருகாணியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.