பேரன் கேட்ட பங்களா

ஐப்பசி மழையில் பால் வெட்டு நின்றிருந்த ஒரு சனிக்கிழமை, மகன் கொழும்பிலிருந்து தன் பிள்ளைகளை முதன்முறையாக நான் பால் வெட்டும் ரப்பர் தோட்டத்துக்கு அழைத்து வந்தான். ஞாயிறு மாலை போவதாகச் சொல்லியிருந்தான். லயத்து வரிசையில் ஒற்றை அறையான எங்கள் காம்பிராவைச் சுற்றிப் பார்த்த பேரன், "தாத்தா, உங்க பங்களா எங்க?" என்று கேட்டான்.

"இதுதான்யா வீடு."

"தாத்தாவுக்கு எஸ்டேட் இருக்குன்னு அப்பா எங்க ஸ்கூல்ல சொன்னாங்களே."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். "வேற என்னத்தப்பா சொல்றது? பால் வெட்டுறவரு மகன்னா அங்க மதிப்பாங்களா?"

அந்தப் பாலை வெட்டித்தான் அவனைப் படிக்கவைத்தேன். மனைவி கோழி அடித்து வைத்த குழம்பை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அன்று மாலையே அவர்கள் அவிசாவளை பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

பிறகெல்லாம் மகன் தனியாகத்தான் வந்தான். பிள்ளைகளுக்கு டியூஷன் என்பான். நானும் ஏன் என்று கேட்டதில்லை.