தரை தட்டிய படகு

நாரை என்றால் துறைமுகத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இயற்பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் விழிப்பார்கள். நெடிய கால்களும், முன்னோக்கிச் சற்றே வளைந்த கழுத்தும், நின்ற இடத்தில் நின்றபடியே பொழுதைக் கழிக்கும் பொறுமையும் சேர்ந்து அந்தப் பட்டப்பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்திருந்தன. இளமையில் அவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். ஒருநாள் ஏறுபலகை சறுக்கி இடுப்பில் அடிபட்டது. மூட்டைக்குச் சேதமில்லை என்று மேற்பார்வையாளர் நிம்மதி அடைந்தார். நாரைக்கு அதன்பின் அங்கே வேலை இருக்கவில்லை.

ஐஸ் தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டியது அவருடைய ஒற்றை அறை வீடு. கோடையிலும் அந்தச் சுவர் வியர்த்துக்கொண்டிருக்கும். மனைவி அதே தொழிற்சாலையில் மீன்பெட்டிகளுக்கு ஐஸ் அடைத்தார். விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போய் வீடு திரும்பும் மனைவியின் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுவது நாரைக்குக் கூச்சமாக இருந்தது. ஒருவரும் சீந்தாமல் கவிழ்ந்து கிடந்த ஒரு தட்டைப் படகை அவர் தார் பூசித் தேற்றியது அந்த நாட்களில்தான்.

ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஓர் உவர்ச் சதுப்பு பரந்து கிடந்தது. உமரிச் செடிகள் படர்ந்த மேடுகளும், அவற்றினிடையே பாம்புபோல் வளைந்து செல்லும் ஓடைகளுமாக இருக்கும். கடல்நீர் ஏறும்போது எல்லாம் மூழ்கி ஒரே தண்ணீர்ப் பரப்பாகத் தெரியும். நீர் வற்றினால் மின்னும் சேறு வெளிப்படும். ஊரைப் பொறுத்தவரை அது நாற்றமடிக்கும் இடம்; வேறொன்றும் இல்லை. வெளியூரிலிருந்து தொலைநோக்கியுடன் வந்த ஒரு தம்பதி உள்ளே அழைத்துப் போகச் சொன்னபோது, நாரைக்கே சிரிப்பு வந்தது. அழைத்துப் போனார். திரும்பும் வழியில் படகு சேற்றுமேட்டில் தரை தட்டி நின்றுவிட்டது. வெட்கத்தால் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தவரைச் சுற்றி, நீர் வடிய வடிய, உள்ளான்களும் வளைந்த அலகுடைய கோட்டான்களுமாகக் கரைப்பறவைகள் வந்து இறங்கின. அசையாத படகை அவை ஏதோ ஒதுங்கிய மரத்துண்டு என்று எடுத்துக்கொண்டன போலும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் மேய்ந்தன. நீர் ஏறிக் கரை சேர்ந்தபோது, அந்தத் தம்பதி படகை விட்டு இறங்க மனமில்லாமல் இறங்கினார்கள்.

அன்று விபத்தாக நடந்ததை நாரை தொழிலாக்கிக்கொண்டார். நீர் வடியத் தொடங்கும் நேரத்தில் புறப்படுவார். வேண்டுமென்றே அந்த மேட்டில் படகைத் தட்டவிடுவார். நீர் மறுபடி ஏறிப் படகைத் தூக்கும்வரை அரைநாள் போல யாரும் எழுந்திருக்கக் கூடாது, சேற்றில் கால் வைக்கவே கூடாது. வைத்தால் தொடைவரை விழுங்கும். இதையெல்லாம் படகுத்துறையிலேயே ஒப்புவித்து, சம்மதித்தவர்களை மட்டுமே ஏற்றுவார். படகின் பின்பக்கத்தில் ஒரு வாளி வைத்து, அதைச் சுற்றி மனைவி தைத்துக் கொடுத்த திரைத்துணியைக் கட்டியிருந்தார். வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்து நெளிவார்கள். போகும்போது அதற்குத்தான் நன்றி சொல்வார்கள்.

இப்படி அவர் நிம்மதியாகப் பிழைத்துவந்த காலத்தில்தான், சதுப்பை மண் கொட்டி மேடாக்கிச் சரக்குப் பெட்டகங்கள் அடுக்கும் இடமாக மாற்றும் திட்டம் வந்தது. செய்தியைக் கொண்டுவந்தவன் மைத்துனன், மனைவியின் தம்பி. நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர். சதுப்பைப் பார்வையிட இதற்கு முன்பே இருமுறை ஆட்கள் வந்திருந்தார்கள் என்பதும் அவன் சொல்லித்தான் தெரிந்தது. இருமுறையும் நீர் நிறைந்திருந்த வேளை. சதுப்பின் ஓரத்தில் இருந்த பாலத்தின் மேல் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பறவைகள் ஏதும் இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த வேளையில் பறவைகள் தொலைவில் ஒரு மணல்திட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும் என்பதை அவர்கள் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. இனி ஒரே ஒரு குழு வரும். அதன் தலைவர் ஓர் அம்மாள், நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர். அவர் என்ன எழுதுகிறாரோ அதுதான் முடிவு.

குழுவைப் படகில் ஏற்றிவிடலாம் என்று யோசனை சொன்னவனும் மைத்துனன்தான். தரை தட்டும் விஷயத்தை மட்டும் வாய்திறக்கக் கூடாது என்றான். அரைநாள் சேற்று நடுவில் உட்கார வேண்டும் என்று தெரிந்தால் எந்த அதிகாரி ஏறுவார்? சுற்றிக்காட்டிவிட்டு வந்துவிடுவோம் என்று சொல்வது, போகிற இடத்தில் படகு தானாகத் தட்டியதுபோல் விட்டுவிடுவது. மற்றதைப் பறவைகள் பார்த்துக்கொள்ளும்.

அடுப்போரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மனைவி, வெந்நீரில் விரல்களை ஊறவைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாரை படகிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்திருந்த திரைத்துணியும் வாளியும் மூலையில் கிடந்தன.

"இதை எதுக்குக் கழட்டுனீங்க?" என்று கேட்டார்.

அதிகாரிகள் ஏறும் படகு பார்க்க இலட்சணமாக இருக்க வேண்டாமா என்றார் நாரை. தவிர, வாளியைப் பார்த்தால் எவ்வளவு நேரம் உட்காரப் போகிறோம் என்று சந்தேகப்படுவார்கள்.

"வர்றது ஒரு பொம்பளை. உங்களுக்கென்ன, திரும்பி நின்னா முடிஞ்சுது. அவங்க எங்க போவாங்க?"

"அக்கா, அவங்க அதிகாரி," என்றான் மைத்துனன்.

"அதிகாரின்னா? அதுக்கும் ஃபைல்ல கையெழுத்துப் போட்டு அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெப்பாங்களாடா?"

நாரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வாளி மூலையிலேயே இருந்தது.

குழு என்று வந்தவர்கள் இருவர்: தலைவர் அம்மாளும் ஒரு பொறியாளரும். கோப்பைச் சுமந்துகொண்டு மைத்துனன் உடன் வந்தான். அம்மாள் நல்ல தோல் காலணி அணிந்திருந்தார். படகில் ஏறும்போது நாரையின் தோளைப் பற்றிக்கொண்டு, நன்றி என்றார். நாரை தமது வழக்கமான எச்சரிக்கையை ஒருவரிடமும் ஒப்புவிக்காமல் கோலை ஊன்றியது அன்று ஒருநாள்தான். நாக்கு பலமுறை எழுந்து அடங்கியது.

நீர் அப்போதும் பரந்தே கிடந்தது. தலைக்கு மேல் ஓர் ஆலாப் பறவை போனது. அது தவிர ஓர் உயிரைக் காணோம். பொறியாளர் கொட்டாவி விட்டார். "என்னப்பா, குளத்தைக் காட்டவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே? எங்க வீட்டு மொட்டை மாடியில தண்ணி நின்னாக்கூட ரெண்டு காக்கா வருமே." மைத்துனன் மரியாதைக்குச் சிரித்து வைத்தான்.

மேட்டை அடைந்ததும் படகின் அடியில் மெல்லிய உராய்வு கேட்டது. அந்த நொடியில்கூட ஒரு தள்ளு தள்ளியிருந்தால் படகு விலகியிருக்கும். திரும்பலாமா என்று அம்மாள் கேட்டார். "கொஞ்சம் பொறுங்கம்மா, இப்ப வந்துடும்," என்று சொல்லிவிட்டு நாரை கோலைப் படகுக்குள் இழுத்து வைத்தார். எது வந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை.

நீர் இறங்கியது. முதலில் உமரியின் செந்நுனிகள் தலைகாட்டின. பிறகு சேற்றின் முதுகு. அதில் ஆயிரம் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பருத்த சிறு நண்டு வெளிவந்து, யாரையோ கூப்பிடுவதுபோல் அதை ஆட்டியது. சேற்றில் துள்ளும் மீன்கள் ஈரக் கண்ணை உருட்டிக்கொண்டு ஊர்ந்தன. படகு அசையாது என்பது பொறியாளருக்கு விளங்கியது அப்போதுதான். கைப்பேசியை எடுத்து நாலாபக்கமும் நீட்டிப் பார்த்தார், சமிக்ஞை இல்லை. அவருடைய குரல் உயர்ந்தது. படகு தவறுதலாகத் தட்டிவிட்டது என்று நாரை பொய் சொன்னார். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவர் அம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது பறவைகள் வந்தன. மணல்திட்டுப் பக்கமிருந்து புகைபோல் கிளம்பி, ஒருசேரத் திரும்பி, வெள்ளி வயிறுகள் பளிச்சிட, இரைச்சலோடு இறங்கின. பொறியாளரின் பேச்சு பாதியில் நின்றுபோயிற்று. கொசு உள்ளான்கள் படகைச் சுற்றித் தையல் இயந்திரத்தின் ஊசிபோல் சேற்றைக் குத்தின. பவளக்காலி ஒன்று படகின் முன்முனை நிழலில் நின்றது. வளைந்த நீள அலகுடைய கோட்டான் ஒன்று அம்மாள் அமர்ந்திருந்த பக்கமாகவே நிதானமாக நடந்து வந்து, அலகை அடிவரை செருகி, ஒரு நண்டை வெளியே எடுத்து உதறி, ஒவ்வொரு காலாகக் கழற்றி விழுங்கியது. அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டார்.

"எங்கேயிருந்து வருது இதெல்லாம்?" என்று மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

பனி உறையும் நாடுகளிலிருந்து என்றும், கடல் தாண்டி வந்தவுடன் இந்தச் சேறு இல்லாவிட்டால் அவற்றுக்கு உயிர் தங்காது என்றும், முன்பு வந்த பயணிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை நாரை சொன்னார். அம்மாள் தலையசைத்தார். மைத்துனன் நாரையின் முழங்காலை அழுத்தினான். ஜெயித்துவிட்டோம் என்று அதற்குப் பொருள். நாரையும் அப்படித்தான் நம்பினார். மூட்டை சுமந்த காலந்தொட்டுத் தம் சொல்லை ஒரு பெரிய மனிதர் தலையசைத்துக் கேட்டது அதுவே முதல்முறை.

வெயில் உச்சிக்கு ஏறியது. அம்மாள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். பிறகு பறவைகளைப் பார்ப்பதையும் நிறுத்தினார். கரையைப் பார்த்தார், படகைப் பார்த்தார், மூன்று ஆண்களைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். நாரைக்கு விளங்கியது, மனைவியின் குரல் காதில் ஒலித்தது. மறைப்பாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று தமது துண்டை எடுத்து நீட்டினார். படகு இப்போதைக்கு நகராது என்று நாரை சொல்லாததையெல்லாம் அந்தச் செய்கை சொல்லிவிட்டது. "நான் நடந்தே போயிடறேன்," என்று அம்மாள் எழுந்தார். வேண்டாம் என்று நாரை கை நீட்டுவதற்குள் படகின் விளிம்பைத் தாண்டிவிட்டார்.

இரண்டாம் அடியில் தொடைவரை புதைந்தார். அவர் இட்ட ஒற்றைக் கூச்சலுக்குச் சதுப்பு முழுவதும் ஒரே சிறகாக எழுந்து, கடல் பக்கம் சாய்ந்து மறைந்தது. நாரையும் மைத்துனனும் படகில் குப்புறப் படுத்து, கோலைக் கொடுத்து, துண்டை அக்குளில் மாட்டி இழுத்து மேலேற்றினார்கள். ஒரு காலணி சேற்றோடு போயிற்று. ஏறிய அம்மாளின் உடை நனைந்திருந்தது சேற்றால் மட்டுமல்ல என்பதை நால்வரும் அறிந்தார்கள். நால்வரும் வெவ்வேறு திசைகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீர் திரும்பி வந்து படகைத் தூக்கும்வரை பறவை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அறிக்கையை மைத்துனன் வாய்மொழியாகச் சொன்னான். அதில் பொய் ஏதும் இல்லை. பறவைகள் பெருந்திரளாக வருகின்றன என்றே அம்மாள் எழுதியிருந்தார். அதையடுத்து, இது மனித உயிருக்கு ஆபத்தான நிலம், படகுப் போக்குவரத்தை உடனே நிறுத்த வேண்டும், மக்கள் பயன்படுத்த இயலாத இந்த இடத்தைத் திட்டத்துக்கு விடுவதில் ஆட்சேபம் இல்லை என்றும் எழுதியிருந்தார். படகைத் துறையிலிருந்து அகற்றும்படி நாரைக்கு உத்தரவு வந்தது.

"மண்ணடிக்கிறவங்களுக்கு எப்பவோ வேலையைக் கொடுத்தாச்சாம் மச்சான். அந்தம்மா எப்படி எழுதியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். நீங்க மனசைப் போட்டு குழப்பிக்காதீங்க," என்றான் மைத்துனன். ஆறுதலாகத்தான் சொன்னான்.

நாரைக்கு அது ஆறுதலாக இல்லை. தம்மால் கெட்டது என்றால், தம்மால் கெடாமலும் இருந்திருக்கலாம். முன்பே முடிந்துபோன காரியம் என்றால், அந்தக் கோட்டான் அவ்வளவு பக்கத்தில் நடந்து வந்ததற்கு என்னதான் அர்த்தம்? இரண்டில் எது உண்மை என்று அவர் மைத்துனனைத் துருவிக் கேட்டார். அவனுக்கும் தெரியவில்லை. மனைவி வெந்நீரில் விரல்களை ஊறவைத்துக்கொண்டிருந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாரைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

லாரிகள் ஊர்ப் பக்கத்திலிருந்து மண்ணைக் கொட்டிக்கொண்டே வந்தன. சேறு சுருங்கச் சுருங்க, பறவைகள் மிஞ்சிய துண்டில் நெருங்கின. கடைசியில் அவை பாலத்தின் அடியிலிருந்த ஒற்றைப் பட்டையில், ஒன்றன் முதுகில் ஒன்று இடிக்க நின்றன. இதுவரை சதுப்பைத் திரும்பிப் பாராத ஊர், பாலத்தில் கூட்டம் கூட்டமாக நின்று படம் எடுத்தது. இத்தனை பறவைகள் இங்கே வந்ததே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். லாரி ஓட்டுநர்கள்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

நாரை ஐஸ் தொழிற்சாலைக்கு மனைவியின் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பாலத்தின் வழியே போய்க்கொண்டிருந்தார். மகளைத் தோளில் ஏற்றியிருந்த ஒருவர், கைப்பிடிச் சுவரில் இடம் பிடிப்பதற்காக அவரைச் சற்றுத் தள்ளிக்கொண்டு நின்று, கீழே கைகாட்டிக் கேட்டார்.

"அண்ணே, அந்த வளைஞ்ச மூக்குக்காரன் பேர் என்ன?"

நாரை குனிந்து பார்த்தார். கோட்டான் மேயவில்லை. மேய இடமில்லாமல், ஒரு காலில் வெறுமனே நின்றுகொண்டிருந்தது.

"தெரியலைங்க," என்று சொல்லிவிட்டு நடந்தார்.