புளி போட்டுத் தேய்த்த பெயர்

எங்கள் வீட்டில் ஒரு பிரெஞ்சுக் கார் இருக்கிறது. அதைச் செய்த கம்பெனி செத்துப் பல காலம் ஆகிவிட்டது. கார் சாகவில்லை. அதுதான் அந்த அதிகாரிக்குப் பொறுக்கவில்லை.

எந்த ஆபீஸ், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். வண்டிப் பதிவைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். இதுவரை பழைய புத்தகத்திலேயே முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற வேண்டுமாம். அதில் 'தயாரித்த கம்பெனி' என்று ஒரு கட்டம். எங்கள் புத்தகத்தில் அந்த இடத்தில் 'பிரெஞ்சு கார்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தான் எந்தக் காலத்துப் புண்ணியவானோ.

"கம்பெனி பேரு இன்னாம்மா?" என்றார் அதிகாரி. சொன்னேன்.

"அப்படி ஒரு கம்பெனியே கிடையாதே."

"இப்ப இல்லீங்க. முன்ன இருந்துச்சு."

"நீங்க சொன்னா ஆச்சா? வண்டியில பேரு எங்க இருக்குது, காட்டுங்க. கம்பெனி வரலாறையும் எழுதிக் குடுங்க. இல்லாட்டி பழைய இரும்புக்குத்தான் போவணும்."

எனக்கு வாயில் நன்றாக வந்தது, அடக்கிக்கொண்டேன். பேனட்டைத் திறந்து காட்டினேன். இஞ்சினுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. கம்பெனி பெயர் பொறித்த தகடு அதுதான். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தகடு பளபளவென்று இருந்தது. அதில் அவர் முகம் தெரிந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை.

அது என் கைவேலை. மணலூர்பேட்டையில் எங்கள் அப்பா வீட்டில், கண்ணில் படுகிற பித்தளை எதுவானாலும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் புளி போட்டுத் தேய்த்தாக வேண்டும். குத்துவிளக்கு, மணி, செம்பு, கூடவே காரின் தகடு. ஃபிராக் போட்ட வயதிலிருந்து அது என் வேலை. "என் பொண்ணு தேய்ச்சா தங்கம்டா" என்று அப்பா ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவார். அந்தப் பெருமையில் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. அப்பா போய், கார் கள்ளக்குறிச்சிக்கு என்னோடு வந்த பிறகும் தேய்த்தேன். எழுத்து மங்குகிறதே என்று ஒரு நாளாவது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை.

சரி, வரலாறு கேட்டாரே, எழுதினேன். காரோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப, புதுச்சேரியில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் போனிலேயே படித்துச் சொன்னார். மீதியை அவரே விசாரித்துத் தந்தார். அண்ணன் தம்பி இரண்டு பேர் குடைக் கம்பி செய்து, அப்புறம் சைக்கிள் செய்து, கடைசியில் கார் செய்திருக்கிறார்கள். வாத்தியார், தபால்காரர் மாதிரி ஆட்கள் வாங்குகிற சின்னக் கார். நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. நடுவில் பணம் கொஞ்சம் முடைப்பட்டபோது ஒரு பெரிய கம்பெனி தாங்கிப் பிடிக்கிறேன் என்று உள்ளே வந்தது. வந்தவன் பட்டறையில் தன் வண்டியைச் செய்தான். அப்புறம் இவர்கள் வண்டியை நிறுத்தினான். கடைசியில் வாசலில் இருந்த பெயர்ப் பலகையையும் கழற்றினான். குத்தகைக்கு நிலம் எடுத்துவிட்டு எல்லைக் கல்லைப் பிடுங்கிப் போடுகிறானே, அதே வேலை. அந்தப் பெரிய கம்பெனிக்குக் கடிதம் போட்டுக் கேட்டோம். பழைய ரெக்கார்டு எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வரி பதில். அடப்பாவிகளா! விழுங்கியவனுக்கு விழுங்கியது என்னவென்றுகூடத் தெரிய வேண்டாமா?

காரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்தான் முன்பக்கத்தில் பெயின்ட்டைச் சுரண்டி நான்கு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். "இங்க ஒரு பேருப் பட்டை இருந்திருக்குதும்மா." அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பித்தளைப் பட்டை கல்வராயன் மலையில் விழுந்துவிட்டது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அங்கே சாமை மூட்டை ஏற்றப் போகும்போதெல்லாம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு வீட்டில் நிற்பார். அந்த வீட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு ஆபீஸ் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, இறங்கி நடந்து, விசாரித்து அந்த வீட்டைப் பிடித்தேன். என் வயதுக்காரர் ஒருவர் வந்தார். பட்டையா என்று யோசித்து, அடுப்படிக்குக் கூட்டிப்போனார். அடுப்புக்கு மேலே சுவரில், நாலு மூலையிலும் ஆணி அடித்து, ஆணியில் கரண்டிகள் தொங்க, புகை ஏறி அட்டக் கரியாக இருந்தது. விரலால் தடவினேன். புடைத்த எழுத்து ஒவ்வொன்றாக விரலில் தட்டியது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"எங்கப்பா வளைவுல கண்டெடுத்தாரு. திருப்பிக் குடுத்ததுக்கு, நீயே வச்சிக்கன்னு சொல்லிட்டாராம் உங்கப்பா" என்றார்.

"இதைத் தேய்ச்சதே இல்லீங்களா?"

"கரண்டி மாட்டறதை இன்னாத்துக்குக்கா தேய்க்கணும்?"

ஆணியைப் பிடுங்கி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் ஆபீஸில் அதைப் பார்த்துவிட்டு அந்த மகானுபாவர் சொன்னார்: "இது உங்க கையில இல்ல இருக்குது? வண்டியில இல்லியே!" மெக்கானிக்கை வரவழைத்து ஆபீஸ் வாசலிலேயே மாட்ட வைத்தேன். நான்கு ஓட்டைக்கும் நான்கு போல்ட்டு, அப்படியே பொருந்தியது. அதிகாரி தடவிப் பார்த்தார், போட்டோ எடுத்தார், ஒத்துக்கொண்டார். உள்ளே போய்க் கட்டத்தைத் திறந்தார். உலகத்துக் கம்பெனிகளெல்லாம் வரிசையாக இறங்கின. எங்களுடையது இல்லை. கடைசியில் கிடந்த 'மற்றவை' என்பதைத் தட்டினார்.

"இன்னாங்க இது? பேரை எழுதுங்க."

"எழுத முடியாதும்மா. இருக்கறதுல ஒண்ணைத்தான் எடுக்கணும்."

"அப்ப இன்னாத்துக்குய்யா என்னை மலையேற வுட்டே?" மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. ஆபீஸே எழுந்து நின்று பார்த்தது. நான் எழுதிக் கொடுத்த வரலாறு அவர் மேஜையில் டீ கிளாசுக்கு அடியில் இருந்தது.

வண்டி பிழைத்துவிட்டது, அதுவரை சந்தோஷம்தான். போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் வாசலுக்கு வந்து பார்த்தால், என் மருமகள் கிண்ணத்தில் புளி கரைத்துக்கொண்டு காருக்கு முன்னால் குந்தியிருக்கிறாள். "அத்தை, இது கரி புடிச்சிக்கினு கிடக்குது. தேய்ச்சிடட்டுமா?"

தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்? அந்தத் திட்டு ஃபிராக் போட்ட வயதில் எனக்கு விழுந்திருக்க வேண்டியது.