ஓடை போட்ட சமதரை

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கேட்டால், மாடி வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும் என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். தரை சமமாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆயுள் முழுக்கச் சரிவில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு அதுதான் சொர்க்கம். என் அப்பாவுக்கும் அப்படித்தான். கொழுந்து கிள்ளிக் கிள்ளி அம்மாவின் முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு அந்த ஆசை பிடிவாதமாகவே மாறிவிட்டது.

இருவருக்கும் சர்வீஸ் முடிந்ததும் தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அப்பா மலையடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். அதன் மேல்பாதி பாறையும் சரிவும். கீழ்ப்பாதி, மலையிலிருந்து ஓடை இறங்கும் இடத்துக்கு நேர் எதிரே, விசிறி விரித்தாற்போல் பரந்து கிடக்கும் தரை. அப்பா அதில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தார். அது உருளவில்லை. அங்கேதான் வீடு என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

நான் சமவெளியில், ஆற்றங்கரைச் சித்தூரில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த விசிறியைத்தான் வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறேன். சரிவில் பாய்ந்து வரும் தண்ணீர் கல்லையும் மண்ணையும் உருட்டிக்கொண்டு வரும். சாய்வு குறைந்ததும் வேகம் போய், சுமக்கத் தெம்பில்லாமல் சுமையை இறக்கிவிடும். அடுத்த பெருமழைக்கு அதன் மேல் இன்னோர் அடுக்கு. இப்படி மேலே மலை தேயத் தேய, கீழே புதிதாக ஒரு நிலம் உயர்ந்துகொண்டே வரும். இதைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அப்பா கோபப்பட்டார்.

“ஓடை போட்ட மண்ணுல வீடு கட்டக் கூடாதுன்னா, சித்தூர்ல ஒருத்தனும் குடியிருக்க முடியாதே. அங்கன இருக்கது பூராம் ஆத்து மண்ணுதான?”

கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். “அங்க ஆறு கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வந்து போட்டுச்சுப்பா. இங்க ஒரே நாள்ல மொத்தமா வந்து எறங்கும்” என்றேன்.

“அப்ப மேல கட்டுதேன். உங்க அம்மைய நீ முதுகுல தூக்கிட்டுப் படியேறுவியா?”

கோடை விடுமுறையில் அஸ்திவாரம் தோண்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உபதேசியார் வந்து ஜெபம் பண்ணிக் கல் போடுவதாக ஏற்பாடு. அப்பாவும் சித்தப்பாவும் குழிக்குள் இறங்கியிருந்தார்கள். மேலே நல்ல கறுப்பு மண். அதற்குக் கீழே சரளை. அப்புறம், சேறோடு குழம்பி இறுகிப்போன கற்கள். இடுப்பளவு ஆழம் போனபோது சித்தப்பாவின் கடப்பாரை மரத்தில் குத்திக்கொண்டது. கையால் மண்ணை விலக்கினார்கள். தேயிலைத் தூர். பக்கத்தில் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று, கயிறு பிடித்து நட்ட வரிசை. எல்லாமே ஒரே உயரத்துக்குக் கவாத்து வெட்டிய செடிகள்.

அப்பா குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். கவாத்துக் கத்தியோடு வாழ்ந்த மனிதர். ஒரு வெட்டு வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“வெட்டி முடிச்சிருக்கான். தளிரு பாக்கதுக்குள்ள மண்ணு வந்து மூடிட்டு” என்றார்.

வெட்டியவன் தப்பினானா என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அப்பாவே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் மேலே பாறைப் பக்கம் ஏறி வந்துதான் ஜெபம் பண்ணினார்.

வீடு கெட்டியாக எழுந்தது. ஆனால் கதவைத் திறந்தால் காலடியில் சரிவு. லயத்து வாசலிலாவது அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அம்மா, புது வீட்டில் கட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவே அடைபட்டுப் போனாள். அந்த வருட மழையில் ஓடை ஒன்றுமே செய்யவில்லை. கீழே விரலளவு வண்டலை விட்டுவிட்டுச் சமர்த்தாகப் போய்விட்டது. அதில் போட்ட பீன்ஸ் கொழுகொழுவென்று வளர்ந்தது. ஜன்னல் வழியாக அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சொன்னது சரிதான். சரியாகச் சொன்னதற்கு அவள் வதைபடுகிறாளே என்று எனக்கு அழுகை வந்தது.

ஓணம் விடுமுறைக்குப் போனபோது, வீட்டு முன்னால் சரிவில் முட்டளவுக்குக் கல் அடுக்கிச் சுவர் எழுப்பியிருந்தார் அப்பா. தண்ணீர் வடிய இடையிடையே ஓட்டைகள். கீழேயிருந்து கூடை கூடையாக மண் சுமந்து வந்து, சுவருக்குள் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் இது என்ன வேலை என்று சத்தம் போட்டேன்.

“ஓடை எறக்குனத நான் திரும்ப ஏத்துதேன். அதுக்குத்தான் அவசரம், எனக்கு என்ன?” என்றார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு கட்டில் போடும் அகலத்துக்கு வாசல் தயாராகியிருந்தது. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கையை விட்டாள். யார் துணையும் இல்லாமல் சுவர் வரைக்கும் போய்த் திரும்பினாள். அப்பா அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கனயும் சாயுதா, ஏளா?” என்று கேட்டார்.

“வழிய விடுங்க. இன்னொரு தடவ போயிட்டு வாரேன்” என்றாள் அம்மா.